பதிவு இலக்கம் கேட்கும் கட்டம்

மகனே,

திங்கட்கிழமை விடியக் கொழும்பு பஸ் ஏறுமுன் சாப்பாட்டு மேசையில் நீ வைத்துவிட்டுப் போன வீட்டுப் பராமரிப்புச் சேவைப் படிவத்தை எடுத்தெடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அங்கேயேதான் வைக்கிறேன். காற்றில் பறக்காமல் அதன்மேல் தூக்கி வைத்தாயே சீனிப் போத்தல், அதைத் திறக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை. மூன்று நாளாகச் சீனியில்லாத தேநீர்தான் குடிக்கிறேன். நான் கையெழுத்து வைக்கவேண்டிய இடங்களிலெல்லாம் பென்சிலால் புள்ளடி போட்டிருக்கிறாய். ஒரு கட்டத்துக்குப் பக்கத்தில் மட்டும் உன் கோழிக் கிறுக்கலில் ஒரு குறிப்பு: “அம்மா, உங்கட நம்பரை இதில எழுதுங்கோ.” பொறுப்புத் தாதியின் பதிவு இலக்கம் என்று அச்சடித்த கட்டம் அது. எழுத என்னிடம் இலக்கம் இல்லை. மறந்தோ தொலைந்தோ போனதல்ல. அப்படி ஒன்று எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

நான் நேர்ஸ் இல்லை மகனே. முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை செய்தேன் என்பது உண்மை. ஆனால் சிற்றூழியராகச் செய்தேன். கட்டில் விரிப்பு மாற்றினேன், மலச்சட்டி எடுத்தேன், தள்ளுவண்டி தள்ளினேன், செத்தவர்களின் கண்ணை மூடிவிட்டேன். தாதியர் கல்லூரி வாசலை நான் மிதித்தது ஒரேயொரு தரம், அதுவும் ஒரு பெட்டி கையுறை கொண்டுபோய்க் கொடுக்க. இதை உனக்குச் சொல்வதற்காக இந்த மூன்று நாளில் மூன்று தரம் போன் எடுத்தேன். நீ “சொல்லுங்கோ அம்மா” என்றதும் என் வாய் வேறு கதை கதைத்தது. அங்கே மழையா, விடுதிச் சாப்பாடு உறைப்பா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாய் ஒத்துழைக்காததால்தான் பேனையை எடுத்தேன். இந்தக் கடிதத்தை ஒளித்து வைக்கத் தேவையில்லை. உனக்குப் பேசியிருக்கிற தர்சினிக்கு வாசித்துக் காட்டு. அவளுடைய அம்மா அப்பாவுக்கும் காட்டு. மூடி வைத்தது போதும், இனி யார் வாசித்தாலும் சரி.

எங்கள் ஒழுங்கைச் சனம் பட்டம் கொடுப்பதில் கஞ்சத்தனம் காட்டாது என்று உனக்குத் தெரியும். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர் எங்களுக்குக் கப்டன். மருந்துக் கடையில் குளிசை எண்ணிக் கொடுப்பவர் டொக்டர். ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறவள் மிஸ்ஸி. நேர்ஸ்மாரை எல்லோரும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள். நான் வேலை செய்த ஆஸ்பத்திரி குச்சவெளி றோட்டில் ஒரு மணித்தியாலப் பஸ் பயணம். அங்கே நான் என்ன செய்கிறேன் என்று பார்க்க இந்த ஒழுங்கையிலிருந்து ஒருவரும் வரப்போவதில்லை. முதல் தடவை “மிஸ்ஸி” என்று கூப்பிட்டபோது திருத்தியிருக்கவேண்டும். திருத்தவில்லை. கேட்க நன்றாக இருந்தது, அதுதான் காரணம். உன் அப்பாவுக்கும் அதில் ஒரு குட்டிச் சந்தோசம். துறைமுகக் களஞ்சியத்தில் மூட்டை எண்ணுகிற மனிதனுக்கு, பெண்சாதி மிஸ்ஸி என்று நாலு பேர் சொன்னால் நெஞ்சு நிமிராதா?

உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன நாளில்தான் அது முதன்முதலாகத் தாளில் ஏறியது. “தாயின்ர தொழில்?” என்று எழுதுவினைஞர் கேட்டார். “ஆஸ்பத்திரியில” என்றார் அப்பா. “ஓ, மிஸ்ஸியல்லோ, தெரியும்” என்று சொல்லிக்கொண்டே அவர் ‘தாதி’ என்று எழுதினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். உன் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு படிவத்தைப் பார்த்து அடுத்த படிவம், அதைப் பார்த்து இன்னொன்று என்று போய், உன் கலியாணக் குறிப்பில் ‘தாய்: ஓய்வுபெற்ற தாதி’ என்று வந்து நின்றது. எழுத்தில் நாலு இடத்தில் ஒரே விசயம் இருந்தால் பொய்க்கும் ஒரு மரியாதை வந்துவிடும்.

ஒரு விசயம் உனக்கு ஞாபகம் இருக்கும். வீட்டு உடுப்பெல்லாம் முற்றத்துக் கொடியில் காயும், என்னுடைய சீருடை மட்டும் அறைக்குள் மின்விசிறிக்குக் கீழே காயும். “ஏன் அம்மா இதை மட்டும் உள்ளுக்கை போடுறீங்கள்?” என்று கேட்டாய். உனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். “வெளியில போட்டால் மான் திண்டிடும்” என்றேன். நீ நம்பினாய். நம்பாமல் என்ன செய்வாய்? கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிற மான்கள் வாழைப்பழத் தோலிலிருந்து தேர்தல் சுவரொட்டிவரை எதைத்தான் விட்டு வைத்தன! ஆனால் அவை எங்கள் கொடியிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூட இழுத்ததில்லை. அந்தச் சீருடையின் நிறம் நேர்ஸ்மாரின் வெள்ளை இல்லை என்று ஒழுங்கைக்குத் தெரிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். பாவம், மான்களின் தலையில் பழியைப் போட்டேன்.

எனக்கு ஊசி போடத் தெரியும் என்பதும் உண்மைதான். சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில் வாட்டு நிறைய ஆட்கள் கிடப்பார்கள், நிற்பது ஒரேயொரு மிஸ்ஸி. அவர் இரண்டு கையையும் ஒரு பிள்ளையின் காயத்தில் வைத்துக்கொண்டு, “அக்கா, அந்த மருந்தை ஊசியில ஏத்துங்கோ, நான் சொல்லுறன்” என்பார். ஏற்றுவேன். பிறகு போடவும் சொன்னார். போட்டேன். கை பழகிவிட்டது. என் கையில் ஊசி நோகாது என்று நோயாளிகளே கேட்டு வாங்குவார்கள். அதில் எனக்குத் தலைக்கனம் ஏறாமல் இருக்குமா? ஏறியது. அந்த நெருக்கடி முடிந்த பிறகும் தலைக்கனம் இறங்கவில்லை.

இனிக் கப்டன் ஐயாவின் கதையைச் சொல்லவேண்டும். நீ அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாய். அவருக்கு நீண்ட நாள் சீனி வருத்தம். மகள் கனடாவில். அவருடைய மனுசி, நம் மாமிக்குக் கை நடுங்கும் என்பதால் தினமும் விடிய நான்தான் போய் இன்சுலின் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவேன். அது உனக்கும் தெரியும். ஒருநாள் போனபோது மாமி வாசலில் நின்றா. “மிஸ்ஸி, இவர் எழும்பினதில இருந்து ரெண்டுதரம் சத்தி எடுத்திட்டார். பச்சைத்தண்ணி கூடக் குடிக்கேல்லை. ஊசி போடலாமோ?” என்று கேட்டா. அவ எவ்வளவு சரியான கேள்வி கேட்டிருக்கிறா என்று எனக்கு அப்போது தெரியாது. “ஊசியை விடக்கூடாது மாமி. போட்டிட்டுப் போறன், நீங்கள் கொஞ்சம் கஞ்சி குடுத்துப் பாருங்கோ” என்றேன். முழு அளவையும் போட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அவர் கஞ்சி குடிக்கவில்லை. பத்து மணிபோல வியர்த்துக் கொட்டி நினைவு தப்பிவிட்டது. மாமி நித்திரை என்று நினைத்து விட்டுவிட்டா. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது மத்தியானம் தாண்டிவிட்டது. செய்தி கேட்டு வேலையை விட்டு நானும் அங்கே ஓடினேன். உடம்பிலிருந்த சீனி முழுக்க இறங்கி மூளைக்கு எட்டாமல் போயிருந்தது. மூன்றாம் நாள் கண் திறந்தார். ஆனால் பேச்சுப் போய்விட்டது, ஆட்களை அடையாளம் தெரியவில்லை. துறைமுகத்துக்குள் வருகிற கப்பலை விளக்கு வெளிச்சத்திலேயே பெயர் சொல்லுகிற மனிதர், அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் யன்னலோரக் கதிரையில் கடலைப் பார்த்தபடி ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்து போய்ச் சேர்ந்தார். சாப்பிடாத உடம்பில் நான் ஏற்றிய ஊசி அது மகனே. வேறொருவரும் அதில் கை வைக்கவில்லை.

ஐயாவைக் கொண்டுபோன அன்றைக்கு வாட்டில் பொறுப்பாக நின்றது பரீதா சிஸ்டர். முன்பு எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்து டவுனுக்கு மாற்றலாகி வந்தவர், கிண்ணியாக்காரர். என்னை நன்றாகத் தெரியும். “ஊசி யார் போட்டது?” என்று கேட்டதற்கு மாமி, “எங்கட மிஸ்ஸிதான், கைராசிக்காரி” என்று என்னைக் காட்டினா. சிஸ்டர் என்னை மருந்து அலுமாரிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. “உங்களுக்கு ஊசி போடத் தெரியும். எப்ப போடக்கூடாதெண்டு தெரியாது. அதைப் படிக்கத்தான் எங்களுக்கு மூணு வருசம் எடுத்திச்சு” என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய் ஐயாவுக்குச் சேலைன் மாற்றினார். கன்னத்தில் அறைந்திருந்தால் இதைவிட ஆறியிருக்கும்.

அந்த ஒன்றரை வருடமும் வேலையால் வந்து சேலை மாற்றக்கூட நிற்காமல் அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். குளிப்பாட்டினேன், படுக்கைப் புண் வராமல் புரட்டினேன், கரண்டியால் ஊட்டினேன். மாமி அழுவா. “மிஸ்ஸி இல்லாட்டி நான் என்ன செய்வன்” என்பா. நான் இல்லாவிட்டால் அவ எதுவுமே செய்யவேண்டி வந்திருக்காது என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பிறகு அவ மகளோடு கனடாவுக்குப் போய்விட்டா. ஒவ்வொரு பொங்கலுக்கும் போன் எடுத்து, “மிஸ்ஸி, சுகமே?” என்று கேட்பா.

இப்போது என் வெட்கத்துக்கெல்லாம் மேலான வெட்கத்துக்கு வருகிறேன். தொழில் தொடங்க நீ கொழும்புக் கொம்பனிக்கு எழுதிக் கொடுத்த திட்டத்தின் முதல் பந்தியை அன்றைக்கு எனக்கு வாசித்துக் காட்டினாய். “என்னுடைய தாய் ஒரு தாதி. பக்கத்து வீட்டு முதியவர் ஒருவரை அவர் ஒன்றரை வருடம் எந்தப் பலனும் எதிர்பாராமல் பராமரித்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான்.” வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். நான் அழுதேன். பெருமையில் அழுகிறேன் என்று நினைத்து நீயும் கண்ணைத் துடைத்தாய். கட்டாரில் ஆறு வருடம் வெயிலில் நின்றுவிட்டு வந்த பிள்ளை, ஊரில் ஏதாவது நல்லது செய்யவேண்டும் என்று ஒரு தொழிலைத் தேடி எடுத்திருக்கிறாய். அதற்கு அத்திவாரம் நான் பட்ட குற்றவுணர்ச்சி என்று எப்படிச் சொல்ல? அந்த நேரம் சொல்லியிருந்தால் ஒரு பந்தியைத்தான் மாற்றவேண்டி வந்திருக்கும். இப்போது எவ்வளவு தூரம் போய்விட்டது!

நான் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிரான்சைஸ் என்றால் கொழும்புக் கொம்பனியின் பெயரை வாங்கிப் பலகையில் மாட்டினால் சரி என்றுதான் நீயும் தொடங்கினாய். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பதிவு, சுகாதாரப் பக்கத்தால் வீட்டுப் பராமரிப்புச் சேவைக்கென்று தனிப் பதிவு, அதை வருடா வருடம் புதுப்பிப்பது. சல்லிக் கிராமத்திலும் திரியாயிலும் இருந்து நீ தெரிந்தெடுத்த ஆறு பெண் பிள்ளைகளுக்கும் பயிற்சிச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம், பொலிஸ் அறிக்கை. முறைப்பாட்டுப் புத்தகம் ஒன்று. முதலாளியாகிற உனக்கே கொழும்பில் பத்து நாள் வகுப்பு. ஒருநாள் கோப்பைத் தூக்கிக் கதிரையில் எறிந்துவிட்டு, “வருத்தக்காரரைப் பாக்கிறதை விட இந்தத் தாளுகளைப் பாக்கத்தான் ஆள் வேணும்” என்று சொன்னாய். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

பொலிஸ் அறிக்கை என்றால் நம் ஆட்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். அது நமக்கு வேறு நினைவுகளைக் கொண்டுவரும், அதை உனக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. திரியாய்ப் பிள்ளையின் தகப்பன், “என்ர பிள்ளையை ஏன் பொலிசில விசாரிக்க வேணும்?” என்று உன்னோடு சண்டைக்கு வந்தார்தானே. அவரில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தனியாகக் கிடக்கிற ஒரு மனுசியின் வீட்டுத் திறப்பை அந்தப் பிள்ளையின் கையில் கொடுக்கப்போகிறோம். அந்த மனுசியின் மகன் மெல்பேர்னில் இருந்துகொண்டு எதை நம்புவான்? உன் முகத்தை அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிவது அந்தத் தாள் மட்டும்தான். கப்டன் ஐயாவின் மகள் என்னிடம் ஒரு தாள் கேட்டிருந்தால் நான் அந்த வீட்டுப் படலைக்குள் ஊசியோடு போயிருக்க ஏலாது. அவள் கேட்கவில்லை. ஒழுங்கை முழுக்க என்னை மிஸ்ஸி என்றது, அவளுக்கு அது போதுமாக இருந்தது.

ஆனபடியால் இந்தப் படிவத்தில் திட்டாதே. கேட்கிற எல்லாம் நியாயம் என்றும் நான் சொல்லவில்லை. ஒரே அடையாள அட்டைப் பிரதியை நாலு இடத்தில் ஏன் கேட்கிறார்கள் என்று எனக்கும் விளங்கவில்லை. ஆனால் அந்தப் பொறுப்புத் தாதிக் கட்டம் சும்மா கேட்டதில்லை. கொம்பனி ஐயா வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தபோது, “வீட்டிலயே ஒரு நேர்ஸ் இருக்கிறா, பிறகென்ன, பாதி வேலை முடிஞ்சுதே” என்று உன் தோளில் தட்டினார். நான் பலகாரத் தட்டை அவர் பக்கம் தள்ளினேன். அதுதான் நான் செய்த கடைசிப் பொய். வாயால் சொல்லாத பொய்யில் நான் கெட்டிக்காரி.

திங்கட்கிழமை நீ போனபிறகு படிவத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். ‘மேலே தரப்பட்ட விபரங்கள் யாவும் உண்மையென உறுதிப்படுத்துகிறேன்’ என்ற வரிக்குக் கீழே நீ ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாய். நான் எழுதாத இலக்கத்துக்கும் சேர்த்து, என்னை நம்பி. நான் எதையாவது எழுதிவிட்டால் பொய் என்னுடையது, கையெழுத்து உன்னுடையது. நாளைக்கு ஒரு வீட்டில் ஒன்று நடந்தால் யாரைப் பிடிப்பார்கள்? அது ஒருபக்கம் இருக்கட்டும். அந்த ஆறு பிள்ளைகளில் ஒருத்தி ஒரு வீட்டில் நின்றுகொண்டு எனக்குப் போன் எடுப்பாள். “மிஸ்ஸி, இவர் சாப்பிடேல்லை, ஊசி போடலாமோ?” என்று கேட்பாள். நான் அவளுக்கு என்ன பதில் சொல்வேன் மகனே?

செவ்வாய்க்கிழமை காலை கிண்ணியா பஸ் ஏறினேன். பரீதா சிஸ்டர் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். பாலம் தாண்டிய பிறகு இரண்டு பேரிடம் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். என்னைக் கண்டதும், “யா அல்லாஹ், எத்தின வருசம்! வாங்க, இரிங்க இப்பிடி” என்று கையைப் பிடித்து இருத்தினார். நான் படிவத்தை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாட்டில் நோயாளியின் கட்டில் அட்டையை வாசிப்பதுபோல மேலிருந்து கீழ்வரை வாசித்தார். அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார்.

“மகனுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அந்தக் கப்டன்ட விசயம்?”

“அதுவும் தெரியாது சிஸ்டர்.”

குசினிக்குள் போய் எனக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டு வந்தார். பிறகு சொன்னார்: “என்ட பதிவு இன்னும் இருக்கு. சும்மா இருந்தாலும் புதுப்பிச்சுத்தான் வெச்சிருக்கன். நான் வாறன். ஆனா ஒரு புள்ளைய ஒரு வீட்டுக்கு அனுப்ப முந்தி நோயாளிய நான் போய்ப் பாப்பன். இந்த ஆளை வீட்டில வெச்சுப் பாக்க ஏலாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும் எண்டு நான் சொன்னா அதுதான் முடிவு. முதலாளி எண்டு உங்கட மகன் அதை மாத்த ஏலாது.”

“மாத்த மாட்டான்” என்றேன், உன்னைக் கேளாமலே.

“இன்னொண்டு உங்களுக்கு. நீங்க சொல்லாம நான் கையெழுத்து வெச்சா, உங்கட பொய்க்கு மேல பாய் விரிச்சு நான் இருக்கிற மாதிரி. எல்லாத்தையும் அவருக்குச் சொல்லுங்க. சொன்ன பொறகு அவரே எனக்குப் போன் எடுக்கட்டும்.”

கோப்பிக் கோப்பையைக் கீழே வைக்க எனக்கு இடம் தெரியவில்லை. அவரே வாங்கி வைத்தார். படலைவரை கூட வந்து, “அந்த ஒண்டரை வருசம் நீங்க பாத்த பார்வையும் எனக்குத் தெரியும். ஒரு புண்ணில்லாமத்தான் அவர் மௌத்தானாரு. அதையும் சொல்லுங்க” என்றார். வருகிற வழியில் பஸ்ஸுக்குள் அழுதேன். பக்கத்திலிருந்த பிள்ளை யன்னலைச் சாத்தட்டோ என்று கேட்டது, தூசி பட்டுவிட்டது என்று நினைத்து.

இப்போது நீ செய்யவேண்டியது. நாளைக் காலை கூரியரில் இந்தக் கடிதத்தோடு படிவத்தையும் அனுப்புகிறேன், வெள்ளிக்கிழமை விடிய உன் கைக்கு வந்துவிடும். அன்று பின்னேரத்துக்கு முன் கொடுக்காவிட்டால் திருகோணமலை உரிமை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொன்னாய், எனக்கு அது மறக்கவில்லை. நீ போட்ட புள்ளடிகள் எல்லாவற்றையும் அழிறப்பரால் அழித்துவிட்டேன். நான் எங்கேயும் கையெழுத்து வைக்கவில்லை. உன் கையெழுத்துள்ள கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எடு. சிஸ்டரின் தொலைபேசி இலக்கம் கடித உறையின் பின்பக்கம் இருக்கிறது. அவருக்கு எடுத்துக் கதை. பிறகு கொம்பனி ஐயாவிடம் போய், அம்மா நேர்ஸ் இல்லை, எனக்கே இன்றுதான் தெரியும், பதிவுள்ள ஒருவர் வருகிறார், ஓரிரு நாள் தவணை தாருங்கள் என்று கேள். தந்தால் நல்லது. தராவிட்டால் அந்த உரிமை போகட்டும் மகனே. போனால் நான் உன் முகத்தைப் பார்க்க ஏலாமல் கொஞ்ச நாள் குசினிக்குள்ளேயே நிற்பேன். அதற்காக அந்தக் கட்டத்தில் ஒரு இலக்கத்தைத் தேடிப் பிடித்து எழுதிவிடாதே. இரவல் இலக்கம் தருகிற ஆட்களும் இருக்கிறார்கள் என்று உனக்கு யாராவது சொல்லுவார்கள், ஒருவரிடமும் வாங்காதே. இந்தத் துறைமுகத்தைச் சுற்றித் தனியாக இருக்கிற வயதானவர்கள் குறையப்போவதில்லை, நேர்மையாக ஒரு வருடம் பிந்தி வந்தாலும் உனக்கு வேலை இருக்கும்.

உன் திட்டத்தின் அந்த முதல் பந்தியை எடுத்துவிடு. அல்லது உண்மையை எழுது. நான் கப்டன் ஐயாவைப் பராமரித்ததும் பொய்யில்லை, ஏன் பராமரித்தேன் என்பதையும் சேர்த்து எழுது. தொழில் தொடங்குகிற ஆள் இதையெல்லாம் எழுதலாமோ என்று எனக்குத் தெரியாது. நீதான் வகுப்புக்குப் போகிறாய், நீயே யோசி. என்னில் கோபப்படு. தாராளமாகப் படு. ஒரு கிழமை போன் எடுக்காமல் இருந்தாலும் விளங்கிக்கொள்வேன். ஆனால் பரீதா சிஸ்டர் ஒரு வீட்டுக்குப் போய் வந்து ‘வேண்டாம்’ என்று சொல்லுகிற நாளில் அவரில் கோபப்படாதே. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவரைக் கூப்பிடுகிறோம். அந்தச் சொல் எனக்குத் தெரிந்திருந்தால் கப்டன் ஐயா இன்னும் கொஞ்சக் காலம் கப்பலுக்குப் பெயர் சொல்லியிருப்பார். மாமிக்கும் இனிமேல் எழுதவேண்டும். பொங்கல்வரை ஒளித்திருக்க ஏலாது.

படிவத்தில் பராமரிப்பாளர் பட்டியல் என்று ஒரு பக்கம் இருக்கிறதே, அதில் ஆறு பிள்ளைகளின் பெயருக்குக் கீழே ஏழாவதாக என் பெயரை நானே எழுதியிருக்கிறேன். முன் அனுபவம் என்ற இடத்தில் ‘ஆஸ்பத்திரிச் சிற்றூழியர், முப்பத்தொரு வருடம்’ என்று எழுதினேன். அதை எழுத்தில் நான் பார்ப்பது சம்பளச் சீட்டுக்குப் பிறகு இதுதான் முதல்முறை. பார்க்க அவ்வளவு மோசமாக இல்லை. தகைமை என்ற இடத்தில் ‘இல்லை, பயிற்சிக்கு வருவார்’ என்று போட்டிருக்கிறேன். இந்த வயதில் எடுப்பார்களோ தெரியாது. எடுத்தால் திரியாய்ப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து படிப்பேன். எடுக்காவிட்டால் என் பெயரை வெட்டிவிடு. கட்டில் விரிப்பு மடிப்பது எப்படி என்று மட்டும் அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுக்க விடு, அதில் எனக்கு எந்தச் சிஸ்டரும் பிழை பிடிக்க ஏலாது.

இன்று விடிய அலுமாரியின் அடித்தட்டிலிருந்து என் பழைய சீருடையை எடுத்துத் தோய்த்தேன். முற்றத்துக் கொடியில், ஒழுங்கைப் பக்கமாக, கையிரண்டையும் விரித்துக் காயப்போட்டேன். மீன்காரர் சைக்கிளை நிறுத்தி, “இது ஆரின்ர உடுப்பு மிஸ்ஸி?” என்று கேட்டார். “என்ரதான். நான் ஆஸ்பத்திரியில அற்றெண்டன். மிஸ்ஸி இல்லை” என்றேன். அவர் உடுப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சூடை இருக்கு, அரைக் கிலோ போடட்டோ அக்கா?” என்றார். போடச் சொன்னேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டு மான்கள் படலைக்குள்ளால் வந்தன. ஒன்று கொடிக்குக் கிட்டப் போய்ச் சீருடையை மோந்து பார்த்தது. நான் எழும்பித் துரத்தவில்லை. அது தின்னாமல் போய்விட்டது மகனே.

உன் அம்மா